பாயை விரித்தால் வாயைத் திறக்கும் பிள்ளைக்கு

நீ இப்போது வாசலில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை உருட்டிக்கொண்டு ஓடுகிறாய். ஓடுகிறாய் என்று எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடுகிறது. போன வருஷம் இதே வெயிலில் நீ ஓடவில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாய், இல்லையென்றால் தூங்குவாய், இல்லையென்றால் சோறு கேட்பாய். வரும் திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடம் போகிறாய். நானும் அன்றைக்கே மறுபடி வேலைக்குப் போகிறேன், இந்த முறை வல்லம் பக்கம் வேறு ஒரு கம்பெனி. நாலு வயசுப் பையனிடம் உட்கார்ந்து பேசினால் பாதியில் எழுந்து குடம் உருட்டப் போய்விடுவான். அதனால் மீசை முளைத்து, என்னைவிட ஒரு சாண் உயர்ந்து, 'சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லப்போகிற அந்தப் பெரிய பையனிடம் பேசுகிறேன். நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் பிழை கிடையாது.

உன் அப்பாவைப் பற்றி யாரும் உன்னிடம் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நீ அழுதால் அவர் முகம் முதலில் வாடும். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நீ காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாய். அப்படியே வளர்வாய், அப்படியே வளரவும் வேண்டும். ஆனால் எங்கள் லைன் வீட்டில் எல்லாரும் என்னிடம் சொல்வது, 'புருசன் பொண்டாட்டி சண்டைய கொழந்த காதுல போட்டுடாத' என்பதுதான். இது புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லை. இது உன் உடம்பில் நடந்தது. உன் உடம்பில் நடந்ததை உனக்குத் தெரியாமல் வைத்திருக்க அவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

முதலில் நாங்கள் யார் என்று சொல்கிறேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார முடியாது, சின்ன வயசிலிருந்தே. சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். ஒருநாள் கணக்கு வாத்தியார், 'நீ வந்தாலும் ஒண்ணுதான், வரலன்னாலும் ஒண்ணுதான்' என்றார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் எடுத்தார்கள். காருக்குள்ளே ஓடுகிற ஒயர்களையெல்லாம் ஒரு பலகையில் அடுக்கி, டேப் சுற்றி, கட்டாகக் கட்டுகிற வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும், நாங்களும் கூடவே நடந்துகொண்டே கட்ட வேண்டும். உட்காரவே முடியாத வேலை. எனக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. கழுத்தில் ஓர் அட்டை, அதில் என் பேர், என் போட்டோ. எங்கள் தெருவில் அப்படி ஓர் அட்டை மாட்டிய முதல் பொம்பளை நான். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவேன்.

உன் அப்பா வள்ளியூர்ப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பையோடு வந்து, பென்னலூரில் ஊர்ப் பையன்களோடு ஒரே ரூமில் படுத்து எழுந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே பஸ் ஸ்டாப்பிங். ஒருநாள் நான் மூச்சிரைக்க ஓடிவந்து, 'இன்னாபா, பஸ்ஸு பூட்ச்சா?' என்று கேட்டேன், போய்விட்டதா என்று. அவர் திருதிருவென்று முழித்துவிட்டு, 'பஸ்ஸ எதுக்குக்கா பூட்டணும்?' என்றார். அங்கே ஆரம்பித்த சிரிப்பு, கல்யாணத்தில் வந்து நின்றது. என் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அவர் வீட்டில் போனை வைத்தார்கள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் துணையாக நின்றது மேரி ஒருத்திதான். மேரி என் கூட வேலை செய்தவள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், தினமும். அவளும் அவள் புருஷனும் எங்கள் லைன் வீட்டிலேயே கடைசி ரூமில் இருந்தார்கள். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்.

உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் உன் அப்பா தன் கம்பெனியில் நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கினார். எல்லா வாரமும் நைட். அதை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். சூப்பர்வைசர், 'இன்னாயா, பொண்டாட்டி கூட சண்டையா' என்று கேட்டாராம். அவருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை, தகட்டை வைத்தால் மேலிருந்து மெஷின் இறங்கி அமுக்கும். எனக்குக் காலை ஷிப்ட். பென்னலூர் ஸ்டாப்பிங்கில் அவர் கம்பெனி பஸ் வந்து நிற்கும், அதன் பின்னாலேயே என் பஸ் வரும். அவர் இறங்குவார், உன்னைக் கையில் கொடுப்பேன், நான் ஏறுவேன். கம்பெனி லைனில் ஒரு ஷிப்ட் ஆள் வீட்டுக்குப் போகும்போது அடுத்த ஷிப்ட் ஆளிடம், 'இது ஓடுது, இது நிக்குது, இத்த கொஞ்சம் பாத்துக்கோ' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதே மாதிரி உன்னைக் கொடுக்கும்போதும் சொல்வேன். 'பால் குட்ச்சிட்டான், வெளிய போவல, மூக்கு ஒய்வுது.' அவர், 'சார்ஜ் எடுத்தாச்சு, நீ ஏறுட்டி' என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவர் பஸ் தாமதமானால், ஸ்டாப்பிங்கில் டீக்கடை வைத்திருக்கிற கன்னியம்மா அக்கா பெஞ்சில் உன்னை உட்காரவைத்துவிட்டு ஏறுவேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். சாயங்காலம் நான் வந்து உன்னை வாங்கிக்கொண்டால் அவர் குளித்துக் கிளம்புவார். இப்படித்தான் மெஷின் ஓடியது. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. மாமியார் இல்லை, அம்மா இல்லை, யார் தயவும் இல்லை. நாங்கள் ரெண்டே பேர், ஒரு பிள்ளை.

உனக்கு மூன்று வயசு முடிகிற சமயத்தில் நீ பூரிக்க ஆரம்பித்தாய். முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். கன்னியம்மா அக்கா உனக்கு 'ஏட்டய்யா' என்று பேர் வைத்தாள். தொப்பையைத் தள்ளிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து உட்காருவாய் அல்லவா, அதற்காக. 'வாங்க ஏட்டய்யா, மாமூல் வாங்க வந்தீங்களா' என்பாள். நீயும் கை நீட்டுவாய். கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்துத்தான் வெளியே எடுப்பேன். அப்புறம் டிரவுசர் பட்டன் போடவில்லை. அடுத்து வாங்கியதும் போடவில்லை. தொடை இரண்டும் உரசி உரசிப் புண்ணானது. எங்கள் வீட்டுக்கு மூன்று படிதான், அதை ஏறுவதற்குள் உனக்கு வாய் வழியாக மூச்சு வந்தது. மற்றப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடும்போது நீ வாசல்படியில் உட்கார்ந்து கையை மட்டும் தட்டினாய். சாயங்காலம் நான் வரும்போது எப்போதும் தூக்கம். எழுப்பினால் முதல் வார்த்தை, 'சோறு.'

மேரியிடம்தான் சொன்னேன். பஸ்ஸில் தினமும் இதே பேச்சு. 'இன்னாவோ சரியில்லடி. இவன் ஒடம்பு ஊதற மாதிரி கீது' என்பேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, 'உனக்கு இன்னாடி கொற. துன்னாத பசங்கள வச்சிக்கினு அவளவ அழுவறா. வுடு, வளந்தா நீண்டுடுவான்' என்பாள். உன் அப்பாவிடம் சொன்னால், 'எங்கூர்ல இப்படி ஒரு புள்ளைக்கு கெடா வெட்டுவாவ. நீ வேற' என்று உன் தொப்பையில் வாயை வைத்து ஊதுவார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நான்தான் பைத்தியக்காரி மாதிரி நிற்பேன்.

கடைசியில் நான் பிடிவாதம் பிடித்து, லீவு போட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். உன் அப்பாவும் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். அந்த அம்மா உன்னை எடை மெஷினில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். 'ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. அழுதா பிஸ்கட்டக் குடுத்து வாய அடைக்கறீங்க. அப்படித்தானே?' என்றார். இல்லை என்றேன். என்னென்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார், சொன்னேன். நம்பவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். 'வேற ஏதாவது மருந்து, டானிக் குடுக்கறீங்களா?' நான் இல்லை என்றேன். பகலில் நீ அவரிடம்தானே இருக்கிறாய், அதனால் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். ஏற்கனவே மாட்டியிருந்த வார். அதைக் கழற்றி, மறுபடி மாட்டி, தலையைத் தூக்காமல், 'இல்ல மேடம்' என்றார்.

அந்த 'இல்ல'யை நான் மறக்கவில்லை. இதைப் படிக்கிற உனக்கு எத்தனை வயசோ, அன்றைக்கும் மறந்திருக்கமாட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி உன் சோற்றைக் குறைத்தேன். பிஸ்கட் டப்பா பரண்மேல் போனது. ஒரு கரண்டி சாதம், அதற்குமேல் கிடையாது. அப்படியும் நீ இளைக்கவில்லை. யாரோ கள்ளத்தனமாக ஊட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அது சரியாகத்தான் தோன்றியது, ஆளைத்தான் தப்பாகப் பிடித்தேன். கன்னியம்மா அக்காவிடம் போய், 'ஏன்கா, பெஞ்ச்ல குந்தவச்சிட்டு போறேன்னு பன்ன குடுத்து ரொப்பறியா' என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவள் டீ ஆற்றுகிற டம்ளரை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். 'ஏண்டி, பன்னு குடுத்தா அத்த துன்றதுக்கு அவன் முழிச்சிக்கினு இருக்கணும்ல. உன் ஊட்டுக்காரன் தோள்ல போட்டுக்கினு போறான், அவ்ளோதான், சாயந்தரம் வரைக்கும் வூடு கப்சிப். நைட் ஷிப்ட் அவனா உன் புள்ளயா? மொதல்ல அத்த போய் கேளு.' எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவள் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. நீ பெரியவனாகிக் கோபப்படும்போது, எதிராளி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து ஆறப்போட்டுப் பார். நான் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அரிசி டப்பாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பச்சை அரிசியை அள்ளி அள்ளி நீ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாய். கன்னமெல்லாம் மாவு. நான் கையில் அடித்தேன். நீ அழவில்லை. அடித்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை டப்பாவுக்குள் விட்டாய். அதிலும் அடித்தேன். உன் அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். 'பாவம்ட்டி, ஒரு வாய் குடேன்' என்றார். 'டாக்டரம்மா சொன்னப்ப நீயுந்தானேயா குந்தியிருந்த?' என்றேன். கயிற்றைக் கட்டினார், பையை எடுத்தார், பஸ்ஸுக்குப் போனார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா கறி வாங்கப் போயிருந்தார். நான் வீட்டைக் கூட்டிவிட்டு, பாயை வெயிலில் உதறிக் கொண்டுவந்து தரையில் விரித்தேன். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த நீ எழுந்து வந்தாய். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். தலையை அண்ணாந்து வாயைத் திறந்தாய். திறந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தாய், குருவிக்குஞ்சு மாதிரி. சாப்பாடு கேட்கிறாய் என்று நினைத்து, 'இப்பதானேடா துன்ன' என்றேன். நீ வாயை மூடாமலே தலையை ஆட்டினாய். 'இன்னா வேணும்?' என்றேன். 'ஆஞ்சு' என்றாய். 'ஆரஞ்சா? ஏது ஆரஞ்சு?' நீ எழுந்து போய், கதவுக்குப் பின்னால் கிடந்த உன் அப்பாவின் பழைய கம்பெனி ஷூவைத் தொட்டுக் காட்டினாய். தொட்டுவிட்டு, திரும்ப வந்து, பாயில் உட்கார்ந்து, மறுபடி வாயைத் திறந்தாய். ரொம்ப ஒழுங்கான பிள்ளை. யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிற பிள்ளை.

ஷூவுக்குள் பாட்டில் இருந்தது, ஆரஞ்சு நிறத்தில் பாதி. பசி எடுக்காத பிள்ளைகளுக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற டானிக். அதைக் குடித்தால் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் அகோரப் பசி எடுக்கும், கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போய் உடம்பு ஊதும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். நான் தேடிக்கொண்டிருந்தது என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, நான் தேடுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கறிப் பையோடு வந்தபோது ஷூவைப் பாயின் நடுவில் வைத்திருந்தேன். பார்த்தார். பையைச் சுவரோரம் வைத்தார்.

'எப்பலேர்ந்து?' என்றேன்.

'அது பசி டானிக்குட்டி. புள்ளையளுக்குக் குடுக்கதுதான். வெசமா குடுத்தேன்?'

'எப்பலேர்ந்துன்னு கேட்டேன்.'

'மழைக்கு முன்னால.' ஷூவைப் பார்த்துக்கொண்டே அவரே மேலும் பேசினார். 'ராத்திரி பூரா பிரஸ்ஸுக்கு முன்னால நிக்கேன். இங்க வந்து படுத்தா இவன் கண்ணுக்குள்ள வெரல உட்டு எழுப்புதான். கதவப் பூட்டிட்டுத் தூங்குனா அடுப்புகிட்ட போறான். எத்தன வாரம் நான் கண்ணே மூடலன்னு உனக்குத் தெரியுமா? கூட நின்னவன் அசந்துட்டான். ஒரு நிமிசம்தான். மூணு வெரலு தகட்டோட போச்சு. அத நான்தான் பொறுக்கி பாலிதீன் பையில போட்டேன்.'

'என்கிட்ட ஏன்யா சொல்லல?'

'சொன்னா நீ வேலைய உட்டுருவ. அந்த அட்டைய மாட்டிட்டு நீ பஸ் ஏறுதத பாக்க எனக்குப் பிடிக்கும்.'

யோசித்துப் பார். என் கழுத்து அட்டையைக் காப்பாற்றத்தான் உன் வாயில் ஊற்றினாராம். திருட்டில் எனக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமலே. 'டாக்டரம்மா கேட்டாங்களே, அப்ப?' என்றேன். 'அவன் அரிசிய துன்னப்ப நான் அட்ச்சேனே, அப்ப?' என்றேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தும் இருந்தன.

பகலில் அவர் உனக்குப் பசியை ஊட்டினார். சாயங்காலம் அந்தப் பசிக்காக நான் உன்னை அடித்தேன். ரெண்டு ஷிப்ட், ஒரே மெஷின். அவருக்கு ரெண்டு ஷிப்டும் தெரியும், எனக்கு என்னுடையது மட்டும்தான் தெரியும். தூக்கத்துக்காகச் செய்ததை நான் புரிந்துகொள்கிறேன், நிஜமாகவே. விரலைப் பொறுக்கியவனுக்கு வேறென்ன தோன்றும். ஷூ கயிறு கட்டிக்கொண்டே என் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் என்னால் எங்கும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

'யார் சொல்லி வாங்குன?' என்று கேட்டேன். மேரியின் புருஷன் என்றார்.

மேரி பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'நான் ஒர்த்தி மட்டும் இல்லடி' என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. 'நைட் ஷிப்ட் வூடு எல்லாத்துலயும் இந்த பாட்டிலு கீது. போய் பாரு.' 'தெனிக்கும் பஸ்ல என் பக்கத்துல குந்திக்கினு கேட்டுக்கினு வந்தியேடி' என்றேன். 'சொன்னா உன் குடும்பம் ஒடஞ்சிடும்னு சும்மா இருந்தேன்.' 'இப்ப ஒடயலயா?' குடம் நிரம்பி வழிந்து அவள் கால் நனைந்துகொண்டிருந்தது, குழாயை மூடவில்லை. எனக்குப் பிரசவத்தில் கை பிடித்தவள். அந்தக் கையை இன்றுவரை நான் மறுபடி தொடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே உன்னைத் தூக்கிக்கொண்டு, உன் அப்பா இல்லாமல், பாட்டிலோடு டாக்டரம்மாவிடம் போனேன். இந்த முறை அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'டாக்டர் சொல்லாம தெனமும் குடுக்கற மருந்து இல்ல இது. இனிமே வேண்டாம். பசி அடங்கும், எடையும் மெதுவா சரியாகும். சோத்த ஒரேயடியா வெட்டாதீங்க, பையன ஓட விடுங்க' என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உனக்கு ஒரு முழு தோசை வாங்கிக் கொடுத்தேன். நீ தின்றுகொண்டே என் கையைப் பார்த்தாய், அடி எப்போது வரும் என்று.

மறுநாள் காலையில் ஸ்டாப்பிங்கில் நின்றேன். ஞாயிறு நைட்டுக்குப் போயிருந்த உன் அப்பா இறங்கி வந்து, பழக்கத்தில் கை நீட்டி, 'சார்ஜ்...' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பின்னால் என் பஸ். மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள், அன்றைக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார். 'ஏறும்மா, டைம் ஆவுது.' உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் ஏறவேயில்லை, வேலையும் போனது. பள்ளிக்கூடத்தை விட்டபோது அது என் முடிவு, சிரித்துக்கொண்டே வந்தேன். இதை என்னிடமிருந்து பிடுங்கினார்கள், அதுவும் எனக்காகவே என்று சொல்லிக்கொண்டு. அன்றைக்கு பஸ் திரும்பின வளைவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னியம்மா அக்கா டீயைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். உனக்கு ஒரு பன். 'துன்னட்டும் வுடு' என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. டீயைக் குடித்தேன்.

நீ கொஞ்ச நாள் பகலெல்லாம் சிணுங்கினாய், தூக்கமும் வராமல், ஏன் என்றும் தெரியாமல். உன் அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தார். அப்புறம் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவேன், அவர் தூங்கட்டும் என்று. கோபம் வேறு, அவர் விரல் வேறு. பசி அடங்கியது. தட்டில் நீயாகவே கொஞ்சம் மீதி வைத்தாய் ஒருநாள். அந்த மீதிச் சோற்றை நான் கொட்டவில்லை, நானே தின்றேன், அழுதுகொண்டே. நீ உயர்ந்தாய், தொப்பை உள்ளே போனது. ஒருநாள் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் நீ ஓட, கன்னியம்மா அக்கா, 'இன்னா ஏட்டய்யா, திருடன புட்ச்சிட்டியா' என்று கத்தினாள். உன் அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். உள்ளே போய் முகம் கழுவினார்.

ஆனால் பாயை விரித்தால் நீ வந்து உட்கார்ந்து வாயைத் திறப்பது மட்டும் போகவில்லை. வேறு வீட்டில் யாராவது பாய் விரித்தாலும் போய் உட்கார்ந்து திறந்தாய். இப்போது நான் வேலைக்குப் போகவேண்டும். உன் அப்பா நைட்டைத்தான் தொடர்கிறார், நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் தூங்கிக்கொள்வேன் என்கிறார். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் மத்தியானம் விட்டுவிடும். அதிலிருந்து நான் வரும்வரை நீயும் அவரும் பாயும்தான். அதனால் உனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாயை விரித்தால் வாயை மூடு. கெட்டியாக மூடினால் உன்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவேன். ரெண்டு நாளில் கற்றுக்கொண்டாய். பெற்ற அப்பனுக்கு வாயை மூடப் பிள்ளையைப் பழக்கினவள் என்று நாளைக்கு யாராவது என்னைச் சொல்லலாம். சொல்லட்டும். திறக்கப் பழக்கினது நான் இல்லை.

இன்றைக்கு மத்தியானம் அவர் எழுந்து, ரசச்சோறு பிசைந்து தட்டை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். உன்னை மடியில் இழுத்து, ஓர் உருண்டை உருட்டி நீட்டினார். நீ வாயை மூடிக்கொண்டாய், ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாய். 'என்னல, சோறுதாம்ல' என்றார். நீ பொத்தினபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாய், சுற்று எப்போது என்று. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ரசம் முழங்கை வரை வழிந்தது. அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, வாயைத் திறந்து நாக்கை நீட்டி உனக்குக் காட்டினார். 'பாரு, ஒண்ணுமில்ல.' அப்புறம் இன்னொன்று உருட்டினார். நீ இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் உடனே தலையாட்டவில்லை. அவர் நீட்டின உருண்டையிலிருந்து ரசம் பாயில் சொட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன், அரிசி டப்பாவை ஒருமுறை நினைத்துக்கொண்டேன், பிறகு ஆட்டினேன். நீ கையை எடுத்து வாயைத் திறந்தாய்.

திங்கட்கிழமை ஸ்டாப்பிங்கில் உன்னை அவரிடம் கொடுப்பேன். பால் குடித்துவிட்டான், மூக்கு ஒழுகவில்லை, புதுச் செருப்பு கடிக்கிறது என்று சொல்லிக் கொடுப்பேன். முதல் வாய் அவர் தின்று காட்டட்டும், எல்லா நாளும். நீ இதைப் படிக்கிற வயசில் யாரோ ஒருத்தி உன் கண்முன்னால் எதையோ தேடித் தவித்துக்கொண்டிருப்பாள், அது உன் கையிலேயே இருக்கும். கொடுத்துவிடு. அவள் கத்துவாள், பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள், பஸ்ஸை விடுவாள். பரவாயில்லை. உன் அப்பா என்னைக் கத்தவிட்டிருந்தால் நான் அன்றைக்கே கத்தி முடித்திருப்பேன். இத்தனை நாள் கழித்தும் அவர் சோறு ஊட்டுவதை இப்படி நின்று காவல் பார்க்க வேண்டி வந்திருக்காது.

குடம் சாக்கடையில் விழுந்துவிட்டது. நீ என்னைக் கூப்பிடுகிறாய். வருகிறேன்.